இங்க அமெச்சூர் ஒப்புக்குச் சப்பாணி இல்ல: டன்ஹில் லிங்க்ஸ் கோல்ஃப் நேர்ல பாத்த ரிவ்யூ

ஸ்காட்லாந்துல செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துல நடக்கற ஆல்ஃபிரட் டன்ஹில் லிங்க்ஸ் சாம்பியன்ஷிப்ப நேர்ல போய் பாக்கலாமா, அவ்ளோ தூரம் போறதுக்கு வொர்த்தான்னு என்கிட்ட நிறைய பேர் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன். போங்க. கோல்ஃப் தெரிஞ்சவங்களும் போங்க, தெரியாதவங்களும் போங்க. ஆனா டிவில அடிக்கடி பாக்கற பெரிய ப்ரோ (கோல்ஃபே தொழிலா ஆடறவர்) பின்னாடியே கூட்டத்தோட கூட்டமா ஓடாதீங்க, பேர் தெரியாத ஒரு சாதாரண குரூப்ப புடிச்சுக்கோங்க, அதுல இருக்கற அமெச்சூர, அதாவது பொழுதுபோக்கா ஆடறவர, முதல் ஹோல்ல இருந்து கடைசி 18வது ஹோல் வரைக்கும் பாருங்க (ஹோல்னா பந்த அடிச்சு குழில போட்டு முடிக்கற ஒரு கட்டம்). இந்தப் போட்டியோட ருசி அங்கதான் இருக்கு.

நாங்க போனது 2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸுக்கு. நான் எடின்பரோல இருக்கேன், நாலு வருஷமா பக்கத்துல இருக்கற கவுன்சில் கோர்ஸ்ல ஆடறேன், ஹேண்டிகேப் 32 (ஆட்டம் எவ்ளோ சுமாரோ நம்பர் அவ்ளோ பெருசு, ஸ்கோர்ல அவ்ளோ ஷாட் கழிச்சுக்கலாம்). கூட வந்தது என் மாமனார். திருச்சி பெல்லுல 34 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், பேரப்பிள்ளைய பாக்க மூணு மாசம் வந்திருந்தார். கிரிக்கெட்னா உசுரு. அந்தக் காலத்துல ரேடியோ கமெண்ட்ரி கேட்டுகிட்டே நோட்டுல கோடு போட்டு பந்துக்கு பந்து ஸ்கோர் எழுதுவாராம், அந்த நோட்டெல்லாம் இன்னும் திருச்சி வீட்டு பரண்ல இருக்கு. கோல்ஃப் பத்தி அவருக்கு சுத்தமா தெரியாது. "சும்மா நடக்கத்தான வரேன், வாம்மா போலாம்"னு கிளம்பி வந்தவர், சாயந்திரம் என்ன பண்ணார்னு கடைசில சொல்றேன்.

போட்டி என்னன்னு முதல்ல சொல்லிடறேன், இது புரிஞ்சாதான் பாக்கறதுல சுவாரசியம் இருக்கும். 168 ப்ரோ, 168 அமெச்சூர். ஒவ்வொரு ப்ரோவுக்கும் ஒரு அமெச்சூர் பார்ட்னர், அந்த ரெண்டு பேரும் ஒரு டீம். ரெண்டு டீம் சேந்து நாலு பேரா ஒரு குரூப்பா கிளம்புவாங்க. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் மூணு கோர்ஸ்ல சுத்தி சுத்தி ஆடணும்: செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ், கார்னூஸ்டி, கிங்ஸ்பார்ன்ஸ். மூணு நாள் முடிஞ்சதும் முன்னணில இருக்கற 60 ப்ரோவும் 20 டீமும் மட்டும் ஞாயித்துக்கிழமை ஓல்ட் கோர்ஸ்ல ஃபைனல் ஆடுவாங்க. ப்ரோ தனக்காகவும் ஆடறார், அந்த தனிநபர் போட்டிக்கு பரிசு மொத்தம் 50 லட்சம் டாலர். அதே நேரத்துல அதே ஷாட்ட டீமுக்காகவும் ஆடறார். இதுக்கு முன்னாடி 1985ல இருந்து 2000 வரைக்கும் இதே ஓல்ட் கோர்ஸ்ல நாட்டுக்கு மூணு பேர்னு டன்ஹில் கப் நடந்துச்சு, அது நின்னு 2001ல இந்த ப்ரோ-அமெச்சூர் வடிவம் வந்துச்சு. முதல் வருஷம் ஜெயிச்சது பால் லாரி, ஸ்காட்லாந்துக்காரர், ரெண்டு வருஷம் முன்னாடி இதே கார்னூஸ்டில ஓபன் (பிரிட்டன்ல நடக்கற பெரிய கோல்ஃப் சாம்பியன்ஷிப்) ஜெயிச்சவர்.

ட்ரெயின்ல போகும்போது இதெல்லாம் மாமாகிட்ட சொல்லிகிட்டே வந்தேன். கேட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த அமெச்சூரு ஒப்புக்குச் சப்பாணியாம்மா?" சின்ன வயசுல தெருவுல ஆடும்போது தம்பி தங்கச்சி அழுதா சேத்துக்குவோமே, ஓடும், பந்து பொறுக்கும், ஆனா அவுட் கிடையாது ரன்னும் கிடையாது, அந்த மாதிரியான்னு கேக்கறார். இல்ல மாமா, அங்கதான் விஷயமே இருக்குன்னு சொல்லி டிக்கெட் கவர் பின்னாடி எழுதி காமிச்சேன்.

ஒவ்வொரு ஹோல்லயும் டீம்ல ரெண்டு பேரும் அவங்கவங்க பந்த ஆடுவாங்க. ப்ரோ அடிச்ச எண்ணிக்கை அப்படியே நிக்கும். அமெச்சூருக்கு ஹேண்டிகேப் கழிச்சுக்குவாங்க. ரெண்டுல எது கம்மியோ அதுதான் டீமோட ஸ்கோர். ஹேண்டிகேப் 18னா ஹோலுக்கு ஒரு ஷாட் கழிவு. 9னா கஷ்டமான ஒம்போது ஹோல்ல மட்டும் கழிவு, எது கஷ்டமான ஹோல்னு ஸ்கோர் கார்டுலயே ஸ்ட்ரோக் இன்டெக்ஸ்னு நம்பர் போட்டு வரிசைப்படுத்தியிருக்கும். அதனால ப்ரோ ஒரு ஹோல்ல சொதப்பி 5 எடுத்து, அமெச்சூர் எப்படியோ தட்டுத்தடுமாறி அதே 5 எடுத்தா, கழிவு போக அவருக்கு 4, டீமுக்கு எழுதறது அமெச்சூரோட 4. உலகத் தரவரிசைல இருக்கற ஆளோட ஸ்கோர ஓரமா வெச்சுட்டு ஒரு வாரக்கடைசி ஆட்டக்காரரோட ஸ்கோர எடுத்துக்கறாங்க. வேற எந்த விளையாட்டுல இது நடக்கும்? டெண்டுல்கர் கூட நம்மள பேட்டிங் இறக்கி விட்டா நாம அடிக்கற ரன்னு யாருக்கும் வேணாம். இங்க வேணும். கழிவு நேர்மையா இருந்தா யாரும் யார் கூடவும் சமமா நின்னு ஆடலாம், கோல்ஃப்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயமே இதான், அத இவ்ளோ பெரிய மேடைல வெச்சு காட்டறது இந்தப் போட்டி.

மாமா ரெண்டு நிமிஷம் ஒன்னும் பேசல. அப்புறம், "நல்ல கணக்கா இருக்கே"ன்னார்.

எப்படி போறது: எடின்பரோ வேவர்லில இருந்து லூக்கர்ஸ் ஸ்டேஷன், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். 1890ல கட்டின ஃபோர்த் பாலத்த தாண்டித்தான் போவீங்க, வலது இடது எந்தப்பக்கம் உக்காந்தாலும் கண்ணுக்கு விருந்து. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஸ்டேஷன் கிடையாது, 1969ல அந்த லைன மூடிட்டாங்க. லூக்கர்ஸ்ல இறங்கி 99 நம்பர் பஸ். கார்ல வரவேண்டாம்னுதான் சொல்வேன், சின்ன ஊர், பார்க்கிங் தேடியே காலை போயிடும். நாங்க போனப்ப முதல் மூணு நாளும் உள்ள போக காசு இல்ல, ஞாயிறு ஃபைனலுக்கு மட்டும் டிக்கெட். இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிங்க, ஓபன் நடக்கற வருஷம் இதே புல்லு பக்கத்துல நிக்கறதுக்கு எவ்ளோ காசு குடுக்கணும், எவ்ளோ முன்னாடி புக் பண்ணணும். இங்க பஸ்ல இருந்து இறங்கி, ரோட்ட தாண்டி, கயிறு ஓரமா போய் நின்னா ஆச்சு.

நாங்க ஒன்னாவது டீக்கு (ஹோல் ஆரம்பிக்கற இடம்) போய் சேரும்போது ஒரு குரூப் கிளம்ப ரெடியா இருந்துச்சு. சில குரூப் 10வது ஹோல்ல இருந்து ஆரம்பிக்கும், அது கோர்ஸோட அந்தக் கோடி, அதனால ஒன்னுல இருந்து கிளம்பற குரூப்பா பாத்து புடிங்க. நாலு பேர்ல ஒருத்தர் ஆரஞ்சு தொப்பி போட்ட அமெச்சூர், ஐம்பது ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். பின்னாடி ஆர் அண்ட் ஏங்கற பழைய கோல்ஃப் கிளப்போட கட்டடம், சுத்தி ஜனம், பக்கத்துல ப்ரோ. டீ குச்சிய நட்டு பந்த மேல வெக்கறார், விழுந்துடுச்சு. மறுபடி வெக்கறார், மறுபடி விழுந்துச்சு. விரல் நடுங்கறது கயித்துக்கு வெளில நிக்கற எங்களுக்கே தெரியுது. மூணாவது தடவ நின்னுச்சு. ஓல்ட் கோர்ஸ் முதல் ஹோல் ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் நடுவுல வெட்டி விட்ட புல்வெளி) 18வது ஹோலோட ஒன்னா சேந்து மைதானம் மாதிரி அகலமா இருக்கும், அங்க தப்பு பண்றதே கஷ்டம்னு சொல்வாங்க, அவர் அடிச்ச பந்து தலைல பட்டு நாப்பது கஜம் உருண்டு நின்னுச்சு. யாரும் சிரிக்கல. ஒரு ஆள் கூட சிரிக்கல. சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க, அவர் பார்ட்னர் ப்ரோ முன்னூறு கஜம் தாண்டி கிடக்கற தன் பந்த விட்டுட்டு இவர் கூடவே தோள் மேல கை போட்டுகிட்டு அந்த நாப்பது கஜம் நடந்து போனார். மாமா என்ன பாத்து, "இந்த குரூப்பு பின்னாடியே போவோம்மா"ன்னார்.

அப்படித்தான் போனோம், பதினெட்டு ஹோலும்.

பக்கத்துல இருந்து பாக்கும்போது ஒரு விஷயம் நல்லா உறைக்கும். டிவில ப்ரோவ மட்டும் பாத்தா அவங்க அடிக்கறது சுலபமா தெரியும், எல்லாருமே அப்படி அடிக்கறாங்கல்ல, அளந்து பாக்க ஆள் இல்ல. இங்க ஒரே இடத்துல இருந்து, ஒரே காத்துல, ஒரே மண்ணுல ரெண்டு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் அடிக்கறாங்க. சத்தமே வேற. ப்ரோ அயர்ன்ல (இரும்பு மட்டை) அடிக்கும்போது பந்துல பட்டுட்டு அப்புறமா தரைல உரசற சத்தம் வரும், சுருக்குன்னு ஒரு அறுப்பு. அமெச்சூர் அடிக்கும்போது தரை முதல்ல, பந்து அப்புறம், தொப்புன்னு இருக்கும். நான் நாலு வருஷமா கோச் சொல்லி சொல்லி கேட்டுட்டிருந்த விஷயம் அன்னிக்கு காதால கேட்டப்பதான் புரிஞ்சது. எத்தன வீடியோ பாத்தாலும் இது வராது. கத்துக்கற ஸ்டேஜ்ல இருக்கறவங்க யாராவது இருந்தா இதுக்காகவே ஒரு நாள் லீவு போட்டுட்டு போங்க.

இது லிங்க்ஸ் கோர்ஸ் வேற. கடலுக்கும் வயலுக்கும் நடுவுல இருக்கற மணல் பூமி, மரம் கிடையாது, தரை கெட்டி, பந்து விழுந்த இடத்துல நிக்காது, எங்கயோ உருண்டு போயிடும். 112 பங்கர் (மணல் குழி) இருக்கு, அதுல பலது டீல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது. கிரீன் பாதிக்கு மேல ரெட்டை கிரீன், ஒரே பெரிய புல்தரைல ரெண்டு குழி ரெண்டு கொடி, போற ஹோலுக்கு ஒன்னு திரும்பி வர்ற ஹோலுக்கு ஒன்னு. 2வதும் 16வதும் ஒரே கிரீன், 3வதும் 15வதும், 4வதும் 14வதும், இப்படியே ஏழு ஜோடி. எந்த ஜோடிய கூட்டினாலும் 18 வரும். இத சொன்னதும் மாமாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கே, வழில மார்ஷல் (கூட்டத்த ஒழுங்குபடுத்தறவர்) ஒருத்தர நிறுத்தி தனக்கு தெரிஞ்ச இங்கிலீஷ்ல அத சொல்லி, அவரும் பொறுமையா கேட்டு, 1, 9, 17, 18 நாலுக்கு மட்டும் தனி கிரீன்னு இவருக்கு எடுத்து சொன்னார். மார்ஷல்கள பத்தி தனியா சொல்லணும், வயசான ஆளுங்கள பாத்தா அவங்களே வந்து மேடு இல்லாத வழி காமிக்கறாங்க, உக்கார எங்க வசதின்னு சொல்றாங்க. 7வது ஹோலும் 11வது ஹோலும் ஒன்ன ஒன்னு குறுக்கால வெட்டிக்கும், அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் பாத்து நில்லுங்க, எந்தப் பக்கத்துல இருந்து வேணும்னாலும் பந்து வரும்.

நடுவுல ஒரு நாலஞ்சு ஹோல் ஆரஞ்சு தொப்பிக்காரர் பாவம், எதுவும் வரல, ப்ரோ பர்டி (பார்னு ஹோலுக்கு வகுத்த எண்ணிக்கைய விட ஒரு ஷாட் கம்மி) அடிச்சு டீம தூக்கிகிட்டு போறார், இவர் ரெண்டு ஹோல்ல பந்த கைல எடுத்துகிட்டார். அது தப்பு இல்ல, இனிமே தன் ஸ்கோர் உதவாதுன்னு தெரிஞ்சா எடுத்துக்கறதுதான் மரியாதை, நேரம் மிச்சம். ஆனா எடுக்கும்போது அவர் முகத்த பாத்தேன். ஞாயித்துக்கிழமை கோர்ஸ்ல நானும் அந்த முகத்தோட நடந்திருக்கேன்.

அப்புறம் 17. ரோடு ஹோல். உலகத்துலயே ரொம்ப கஷ்டமான பார் 4ல ஒன்னுன்னு சொல்வாங்க, ப்ரோவுக்கு 495 கஜம். டீல நின்னா எதிர்ல ஹோட்டல ஒட்டி ஒரு ஷெட்டு நிக்கும், அந்தக் காலத்து ரயில்வே ஷெட்டு இருந்த இடம், அதுக்கு மேல கண்ண மூடிகிட்டு அடிக்கணும். கிரீனுக்கு முன்னாடி இடது பக்கம் ஆழமான ஒரு பங்கர், பின்னாடி தார் ரோடு, அதுக்கும் பின்னாடி கல் சுவர். 1978 ஓபன்ல ஜப்பான்காரர் நகாஜிமா அந்த பங்கர்ல மாட்டி ஒரே ஹோல்ல 9 எடுத்தார், இன்னிக்கு வரைக்கும் அந்த மணல அவர் பேர சொல்லியும் கூப்பிடறாங்க. எங்க ப்ரோவோட ரெண்டாவது ஷாட் கிரீன தாண்டி ரோட்டுல போய் விழுந்துச்சு. அங்க இருந்து மேட்டுல ஏத்தி விட பாத்தார், பந்து மேல வரைக்கும் போயிட்டு திரும்பி அவர் கால்கிட்டயே வந்து நின்னுச்சு. மறுபடி அடிச்சு கிரீன்ல ஏத்தி, ரெண்டு தடவ உருட்டி, 6. அவரோட சொந்த ஸ்கோர்ல ரெண்டு ஷாட் போச்சு, அந்த ரெண்டு ஷாட்டுக்கு பணத்துல என்ன விலைன்னு அவருக்குத்தான் தெரியும்.

ஆரஞ்சு தொப்பிக்காரர் மூணு ஷாட்ல வந்து அந்த பங்கர்ல கிடக்கார். உள்ள இறங்கினா தொப்பி மட்டும்தான் வெளில தெரியுது. கேடி (மட்டை பைய தூக்கிட்டு கூட நடக்கறவர்) ஏதோ சொல்றார், ப்ரோ தன் ஆட்டம் போனத விட்டுட்டு பங்கர் ஓரத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து எங்க பந்த இறக்கணும்னு விரல நீட்டி காமிக்கறார். சுத்தி அமைதி. மணல் மட்டும் மேல வந்துச்சு, அப்புறம் பந்து, மெதுவா, கிரீன் விளிம்புல விழுந்து சரிவுல திரும்பி கொடிக்கு மூணு அடில நின்னுச்சு. அந்த மூணு அடிய அவர் உருட்டி உள்ள போட்டதும் மொத்தம் 5, அந்த ஹோல்ல அவருக்கு ஒரு கழிவு உண்டு, அப்ப 4. டீமுக்கு 4. ரோடு ஹோல்ல பார். ப்ரோ தொப்பிய கழட்டிட்டு ரெண்டு கையாலயும் அவர கட்டிகிட்டார். காலைல பந்த டீ மேல நிறுத்த முடியாத அதே கை. எனக்கு தொண்டை அடைச்சுகிச்சு, மாமா பேனாவ பாக்கெட்ல இருந்து எடுத்து எதையோ எழுதிட்டு இருந்தார்.

அதே நேரத்துல எங்கள தாண்டி இன்னொரு பக்கம் இங்கிலாந்து ப்ரோ டைரல் ஹாட்டன் பதினெட்டு ஹோலுக்கு 61 ஷாட் அடிச்சுட்டு இருந்தார். அது ஓல்ட் கோர்ஸ் ரெக்கார்டு, 2017ல ராஸ் ஃபிஷர் அடிச்ச 61ஓட சமம். மறுநாள் 18வது ஹோல்ல பர்டி போட்டு நிக்கோலஸ் கோல்சார்ட்ஸ ஒரே ஷாட்ல தாண்டி, 24 அண்டர்ல (பார விட 24 ஷாட் கம்மி) ஹாட்டன்தான் ஜெயிச்சார், 2016, 2017க்கு அப்புறம் இது மூணாவது தடவ. அந்த 61ல ஒரு ஷாட்டு கூட நாங்க பாக்கல. எனக்கு அதுல கொஞ்சமும் வருத்தம் இல்ல, அத எப்ப வேணும்னாலும் ஹைலைட்ஸ்ல பாத்துக்கலாம். ஆரஞ்சு தொப்பிக்காரர எந்த கேமராவும் எடுக்கல.

இந்தப் போட்டியோட வரலாறுலயும் மனசுல நிக்கறதெல்லாம் ஜோடிங்களோட கதைதான். ஷேன் வார்ன் வருஷா வருஷம் இங்க வருவார், நியூசிலாந்து ப்ரோ ரயன் ஃபாக்ஸ்தான் அவருக்கு பார்ட்னர். 2021ல ரெண்டு பேரும் டீம் போட்டில ரெண்டாவதா வந்தாங்க. 2022 மார்ச்ல வார்ன் போயிட்டார், 52 வயசு. அந்த அக்டோபர்ல ஃபாக்ஸ் தனிநபர் பட்டத்த ஒரே ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சுட்டு, வார்ன பத்தி பேசும்போது அழுதுட்டார். இத மாமாகிட்ட 9வது ஹோல் ஓரமா சுக்கு காப்பி குடிக்கும்போது சொன்னேன். அவருக்கு வார்ன்னா அவ்ளோ புடிக்கும், சென்னைல 98ல டெண்டுல்கர் வார்ன வெளுத்தத இன்னிக்கும் பந்து பந்தா சொல்வார். "அவன் இங்கயா நடந்தான்"னு கேட்டுட்டு அந்த புல்ல கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னார்.

2023ல மாத் ஃபிட்ஸ்பேட்ரிக். முந்தின வருஷம் யுஎஸ் ஓபன் ஜெயிச்ச ஆள். அவர் பார்ட்னர் யாரு தெரியுமா, அவங்க அம்மா சூசன். தனிநபர் பட்டமும் அவருக்கே, டீம் பட்டமும் அம்மா பையன் ஜோடிக்கே. சின்ன வயசுல கோர்ஸுக்கு கூட்டிட்டு போய் வெளில காத்துட்டு இருக்கற அம்மாங்கள நான் எங்க கோர்ஸ்ல வாராவாரம் பாக்கறேன். அந்த அம்மா இந்த தடவ வெளில நிக்கல, உள்ள நடந்தாங்க, அவங்க ஸ்கோரும் கணக்குல சேந்துச்சு. ரோரி மெக்கில்ராயும் அவங்க அப்பா ஜெரிய கூட்டிட்டு பல தடவ இங்க ஆடியிருக்கார், பையன் கோல்ஃப் செலவுக்காக ரெண்டு மூணு வேலை பாத்த அப்பா அவர். 2012ல நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் கிங்ஸ்பார்ன்ஸ்ல கிட்டத்தட்ட 50 கஜத்துல இருந்து உருட்டி உள்ள போட்டத மட்டும் தேடி பாருங்க, ப்ரோவே வாய பொளந்துட்டு நிப்பாங்க. சினிமா ஆளுங்க, பாட்டுக்காரங்கன்னு நிறைய பேர் வர்றாங்க, செல்ஃபிக்காக போறவங்களுக்கு அதுவும் கிடைக்கும், எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்ல.

சரி, குறை. முக்கியமான குறை நேரம். நாலு பேர், அதுல ரெண்டு பேர் அமெச்சூர், ரெட்டை கிரீன், எங்க குரூப் ஆறு மணி நேரத்துக்கு மேல எடுத்துச்சு. சில ஹோல்ல முன்னாடி குரூப் நகரவே இல்ல, பதினஞ்சு நிமிஷம் நின்னோம். இந்த வடிவத்துல இத தவிர்க்க முடியாதுன்னு எனக்கு தெரியும், ஆனா வயசானவங்க, சின்ன பசங்களோட வர்றவங்க இத மனசுல வெச்சுகிட்டு வாங்க, மடக்கு ஸ்டூல் ஒன்னு கண்டிப்பா எடுத்துட்டு வாங்க. நாங்க எடுத்துட்டு போகல, மாமா 12வது ஹோல்ல புல்லு மேலயே உக்காந்துட்டார், எழுந்தா பேண்ட் பின்னாடி ஈரம். கோர்ஸோட அந்தக் கோடிக்கு போயிட்டா திரும்பி வர்ற வழி கிட்டத்தட்ட கிடையாது, நடந்துதான் வரணும்.

ரெண்டாவது, வடிவம் தெரியாதவங்களுக்கு டீம் ஸ்கோர் புரியறது கஷ்டம். ஸ்கோர் போர்டுல பெரும்பாலும் ப்ரோ பேரும் தனிநபர் ஸ்கோரும்தான் முன்னாடி நிக்குது. அமெச்சூருக்கு இந்த ஹோல்ல கழிவு உண்டா இல்லயான்னு வெளில நிக்கறவங்களுக்கு யார் சொல்றது? நான் கூட நடந்த கேடிகிட்ட ஹோலுக்கு ஹோல் கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டேன், அவரும் சலிச்சுக்காம சொன்னார். குரூப்போட ஒரு சின்ன பலகைய தூக்கிட்டு நடந்து, யாருக்கு எங்க கழிவுன்னு காமிச்சா எவ்ளோ நல்லா இருக்கும், இந்தப் போட்டியோட உயிரே அதான, அத மறைச்சு வெக்கலாமா. இத நடத்தறவங்க கண்ணுல பட்டா தயவுசெஞ்சு யோசிக்கணும்.

சாப்பாடு: ஒரு வண்டில வெஜ் பர்கர் கேட்டேன், ஆறிப்போன பன்னுக்குள்ள உள்ள இன்னும் குளிர்ச்சியா இருக்கற ஒரு வடை மாதிரி குடுத்தாங்க, விலை மட்டும் சூடு. நல்லவேளை வீட்ல இருந்து புளியோதரையும் தெர்மோஸ்ல சுக்கு காப்பியும் கொண்டு போயிருந்தோம், 9வது ஹோல் மேட்டுல கடல பாத்துகிட்டு சாப்ட்டோம், அந்த குளிர்ல அந்த புளியோதரைக்கு ஈடே இல்ல. ஊருக்குள்ள வந்தா ஃபிஷர் அண்ட் டொனால்ட்சன் பேக்கரில ஃபட்ஜ் டோனட் வாங்கிடுங்க, உள்ள கஸ்டர்ட் மேல ஃபட்ஜ், மாமா "பால்கோவாவ பன்னுக்கு மேல தடவின மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு இன்னொன்னு கேட்டார். சாயந்திரம் போனா தீந்துடும், காலைலயே வாங்கி பைல வெச்சுக்கோங்க.

தங்கறதுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அந்த வாரம் ரூம் விலை கேக்கவே முடியாது. எனக்கு தெரிஞ்ச ஒரு ஃபேமிலி முன்னாடியே புக் பண்ணி, போட்டி வாரம்னு தெரிஞ்சதும் அந்த தங்குமிடத்துக்காரர் கேன்சல் பண்ணிட்டு ரெண்டு மடங்கு விலைக்கு வேற யாருக்கோ குடுத்துட்டார். டண்டீலயோ எடின்பரோலயோ தங்கிட்டு ட்ரெயின்ல வந்து போறதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு காரணமும் இருக்கு, வானிலை. 2023ல மழை கொட்டி கோர்ஸ்ல தண்ணி நின்னு 54 ஹோலா சுருக்கி திங்கட்கிழமைதான் முடிச்சாங்க. 2025ல ஆமி புயல் காத்துல சனிக்கிழமை ஆட்டமே நடக்கல, அதுவும் 54 ஹோல்தான், ஸ்காட்லாந்துல ஓபான்ங்கற ஊர்க்காரர் ராபர்ட் மெக்கின்டைர் ஜெயிச்சார், ரைடர் கப் (ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதற டீம் போட்டி) ஆடி முடிச்ச அடுத்த வாரமே. அதனால திருப்பி குடுக்காத காசு குடுத்து ஒரே ஒரு நாளுக்குன்னு பிளான் பண்ணாதீங்க. முடிஞ்சா வியாழக்கிழமை போங்க, மழை வந்தாலும் கைல இன்னும் ரெண்டு நாள் இருக்கும்.

எந்த கோர்ஸுக்கு போறதுன்னு கேட்டா, முதல் தடவைனா ஓல்ட் கோர்ஸ்தான், ஊரோட ஒட்டி இருக்கு, கால் வலிச்சா 18வது ஹோல் ஓரமா நின்னுட்டா எல்லா குரூப்பும் உங்கள தாண்டித்தான் போகணும், கிரீனுக்கு முன்னாடி இருக்கற பள்ளத்துல எத்தன பந்து திரும்பி உருளுதுன்னு பாத்துட்டே நேரம் போயிடும். ப்ரோவுக்கு நிஜமான சோதனை வேணும்னா கார்னூஸ்டி, அங்க ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம், கடைசி ஹோல்ல பேரி பர்ன்னு ஒரு ஓடை வளைஞ்சு வளைஞ்சு ஓடும், 1999 ஓபன்ல பிரெஞ்சு ப்ரோ வான் டி வெல்ட் ஷூவ கழட்டிட்டு அதுக்குள்ள இறங்கி நின்னாரே அதே ஓடை. கிங்ஸ்பார்ன்ஸ் 2000ல திறந்த புது கோர்ஸ், கடல் ரொம்ப அழகா தெரியும், ஆனா செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இருந்து இன்னும் பத்து பதினோரு கிலோமீட்டர் போகணும், நான் இன்னும் போகல.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் அந்த டீம் ஸ்கோர சரியா காட்டாததுக்கு மட்டும் கொறச்சிருக்கேன், நேரத்துக்கு இல்ல.

சாயந்திரம் ட்ரெயின்ல ஏறி உக்காந்ததும் மாமா சட்ட பாக்கெட்ல இருந்து நான் காலைல கணக்கு போட்டு காமிச்ச அந்த டிக்கெட் கவர எடுத்தார். பின்னாடி பூரா பொடி எழுத்து. பதினெட்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்னுலயும் மேல ப்ரோவோட எண்ணு, கீழ அமெச்சூரோட எண்ணு, கழிவு இருக்கற இடத்துல ஒரு புள்ளி, எது டீமுக்கு போச்சோ அத சுத்தி வட்டம். கேடிகிட்ட நான் கேட்டு சொன்னதெல்லாம் ஒன்னு விடாம எழுதியிருக்கார். ஆரஞ்சு தொப்பிக்காரர் பேர் தெரியாததால "ஆ.தொ"ன்னு போட்டிருக்கார். அஞ்சு ஹோல்ல வட்டம் ஆ.தொ பக்கம். 17ல மட்டும் வட்டத்த ரெண்டு தடவ அழுத்தி போட்டிருக்கார், பேப்பர் கிழியற அளவுக்கு. 13ல மட்டும் ரெண்டு பேருக்கும் 4, யார் பக்கம் வட்டம் போடறதுன்னு அவருக்கு தீரல. "ஏம்மா, இத யார் கணக்குல எழுதுவாங்க?"ன்னு கேட்டார், ரெண்டும் ஒன்னுதான் மாமா, டீமுக்கு 4 அவ்ளோதான்னேன். ஃபோர்த் பாலம் வர்ற வரைக்கும் யோசிச்சுட்டு, ரெண்டு எண்ணையும் சேத்து ஒரே நீள வட்டமா போட்டு, மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சுகிட்டார்.